எலும்பு மஜ்ஜை இருதயத் தசை ஆகுமா?

(திருவேற்காட்டில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், வீட்டுமனைப் பட்டா, இவைதான் இந்தத் திடலில் நாம் வழக்கமாகப் பேசும் விஷயங்கள். இன்றைக்கு மனிதனின் இருதயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசைத் தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. இதுவும் பட்டாவைப் பற்றிய பேச்சுத்தான் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

கூவத்துக்கு அந்தக் கரையில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் சுமை தூக்கியவர். மனைவி நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிறவர். போன வருஷம் அவருக்கு மாரடைப்பு வந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இன்று ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு இரைக்கிறது. இவர்களை ஒரு மனிதர் தேடி வந்தார். கையில் பளபளப்பான காகிதம். "இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பார்கள். அதிலிருந்து ஸ்டெம் செல் என்று ஒன்றைப் பிரிப்பார்கள். அதை இருதயத்தில் செலுத்தினால் செத்த தசை புதிதாக முளைத்துவிடும். கத்தி வைக்க வேண்டியதில்லை" என்றார். செலவு சில லட்சங்கள். அந்தக் குடும்பத்தின் சொத்தோ ஒரு வீட்டுமனைப் பட்டா. அந்தச் சகோதரி பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, அவங்க சொல்றது நெசமா? இதை வச்சு பணம் பொரட்டலாமா?" என்று கேட்டார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆமாம் என்றோ இல்லை என்றோ அந்த இடத்தில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. விஷயம் தெரிந்த டாக்டர்களைக் கேட்டேன். வெளிவந்த ஆராய்ச்சிகளைப் பற்றிப் படித்தேன், புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டேன். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இருதயம் என்பது என்ன? ஒரு பம்பு. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதற்கு வார விடுமுறை கிடையாது, லே-ஆப் கிடையாது. உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிற இந்தப் பம்புக்கும் ரத்தம் வேண்டும். அதற்கென்று தனிக் குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாயில் கொழுப்புப் படிந்து, அதன் மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வாய்க்காலை மேலே அடைத்தால் கடைமடைப் பயிர் கருகுவது போல, அந்தக் குழாயை நம்பியிருந்த தசை செத்துப் போகிறது. இதுதான் மாரடைப்பு. ஒரு பெரிய மாரடைப்பில் சில மணி நேரத்துக்குள் நூறு கோடி தசைச் செல்கள் வரை செத்துவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செத்த இடத்தில் தசை வளர்வதில்லை. தழும்பு விழுகிறது. தழும்பு இழுக்காது, சுருங்காது, ரத்தத்தைத் தள்ளாது. மிச்சமுள்ள தசையே எல்லா வேலையையும் செய்தாக வேண்டும். பத்துப் பேர் ஓட்டிய தறிகளை ஏழு பேர் தலையில் கட்டினால் அந்த ஏழு பேர் கதி என்ன ஆகும் என்பது ஆலைத் தோழர்களுக்குத் தெரியும். இருதயத்துக்கும் அதே கதிதான். வீங்குகிறது, தளர்கிறது.

கையில் வெட்டுக் காயம் பட்டால் தோல் வளர்கிறது. இருதயம் மட்டும் ஏன் வளர்வதில்லை? நெடுங்காலம் இது விவாதமாகவே இருந்தது. இதற்கு விடை வந்த வழி விசித்திரமானது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் திறந்த வெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதனை செய்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 1963இல் மாஸ்கோ ஒப்பந்தம் வந்து அந்தச் சோதனைகள் நின்றதும் அது படிப்படியாகக் குறைந்தது. காற்றிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து நம் உடம்புக்கு அந்தக் கரி வந்து சேர்ந்தது. ஒரு செல் பிறக்கும்போது அந்த வருஷத்துக் கரியின் அளவு அதற்குள் முத்திரையாக விழுந்துவிடுகிறது. ரூபாய் நாணயத்தில் வருஷம் அடித்திருப்பது போல! ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிலையத்து விஞ்ஞானி யோனாஸ் ஃபிரீசனும் அவருடைய தோழர்களும் இறந்தவர்களின் இருதயத்தில் அந்த முத்திரையைப் படித்தார்கள். 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 25 வயதில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒரு செல் புதிதாகிறது. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் பாதிக்கு மேல் மாறுவதில்லை. அணுகுண்டை எதிர்த்து 1950இல் எழுந்த முறையீட்டுக்கும் ஸ்டாக்ஹோம் என்றுதான் பெயர். நம் மூத்த தோழர்கள் வீடு வீடாகப் போய் அதற்குக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த நாசக் கருவியின் சாம்பலிலிருந்து மனித இருதயத்தின் வயதை அதே ஊரில் படித்திருக்கிறார்கள் என்பதை அறிந்தால் அவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஆக, இருதயம் தானாக வளர்வது மிகச் சொற்பம். ஒரு மாரடைப்பின் சேதத்தை ஈடுகட்ட அது போதாது. எனவே, "வேறு எங்கிருந்தாவது செல்லைக் கொண்டுவந்து நடலாமா?" என்ற கேள்வி எழுந்தது. இது நியாயமான கேள்வி. இதைக் கேட்ட விஞ்ஞானிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கிருந்து கொண்டுவருவது? எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையிலிருந்து. ஆட்டுக்கால் எலும்பை உறிஞ்சுகிறோமே, அந்த மஜ்ஜைதான். நம் உடம்பில் அது ஒரு பெரிய தொழிற்சாலை. ரத்தச் சிவப்பணுக்கள் மட்டும் நாளுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கோடி அங்கே உற்பத்தியாகின்றன. இதற்கு மூலமாக இருக்கும் செல்களைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள். தமிழில் குருத்துச் செல் எனலாம். வாழையில் குருத்து இருக்கும்வரை இலையை அறுக்க அறுக்கப் புது இலை வருகிறது அல்லவா? அதுபோல ரத்தம் என்ற இலைக்கு மஜ்ஜையில் குருத்து இருக்கிறது. இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ரத்தப் புற்றுநோய்க்கும் தாலசீமியாவுக்கும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள். நம் நாட்டில் 1983இல் பம்பாய் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் அதைச் செய்தார்கள். 1986இல் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார்கள். சாக வேண்டியிருந்த குழந்தைகள் பிழைத்து வளர்ந்திருக்கிறார்கள். ரத்தக் குருத்து ரத்தத்தை உண்டாக்கும். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ரத்தக் குருத்து இருதயத் தசையை உண்டாக்குமா? வாழைக் குருத்தில் தென்னை ஓலை வருமா?

வரும் என்று தோன்ற ஒரு காரணம் கிடைத்தது. 1999இல் ஜப்பானில், டோக்கியோ கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஃபுகுடா என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் சுண்டெலியின் மஜ்ஜையிலிருந்து ஒருவகைச் செல்லை எடுத்துக் கண்ணாடித் தட்டில் மாதக்கணக்கில் வளர்த்தார்கள். அதன் மேல் அஸாசைட்டிடின் என்ற ரசாயனத்தை விட்டார்கள். இரண்டு வாரம் ஆனதும் சில செல்கள் தாமாகத் துடிக்கத் தொடங்கின! மூன்றாம் வாரத்தில் பக்கத்துச் செல்களோடு சேர்ந்து ஒரே தாளத்தில் துடித்தன. பூதக்கண்ணாடியில் அதை முதன்முதலாகப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அது மெய்யான கண்டுபிடிப்பு. ஆனால் அவர்கள் செய்தது என்ன என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள். அது எலியின் செல். வெளியே, கண்ணாடித் தட்டில் நடந்தது. பல செல்களிலிருந்து பொறுக்கி எடுத்துச் செய்தது. ஒரு ரசாயனத்தின் வலுவில் நடந்தது. மனிதன் இடுப்பில் எடுத்து அன்றைக்கே இருதயத்தில் விடுவதற்கும் இதற்கும் வெகு தூரம்.

அந்த தூரத்தை ஒரே தாவாகத் தாவினார்கள். 2001இல் அமெரிக்காவில் பியரோ அன்வெர்ஸா என்ற ஆராய்ச்சியாளரின் குழு, மாரடைப்பு உண்டாக்கப்பட்ட சுண்டெலியின் இருதயத்தில் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தியது. ஒன்பது நாட்களில் செத்த பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் புதுத் தசை வந்துவிட்டது என்று அறிவித்தது. உலகமே வியந்தது. அதே வருஷம் மார்ச் மாதத்திலேயே ஜெர்மனியில் ட்யூஸல்டார்ஃப் நகரில் டாக்டர் ஸ்ட்ராவர் 46 வயது மனிதர் ஒருவரின் இருதயக் குழாயில் அவருடைய மஜ்ஜைச் செல்களையே செலுத்தியிருந்தார். எலியிடம் உறுதியாகும் முன்பே மனிதனிடம் வந்துவிட்டது.

நம் நாடும் பின்தங்கவில்லை. 1994இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இருதய மாற்று அறுவையைச் செய்த டாக்டர் வேணுகோபால் தலைமையில் இருந்த டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி, 35 நோயாளிகளுக்கு மஜ்ஜைச் செல்களைச் செலுத்தியதாகவும் அவர்கள் தேறியதாகவும் 2005இல் அறிவித்தது. தினப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. நமக்குப் பக்கத்தில் முகப்பேரிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. 1975இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நாட்டிலேயே முதல் பைபாஸ் அறுவையை வெற்றிகரமாகச் செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். அவர் 2025 ஜனவரியில் காலமானார். முகப்பேரில் அவர் நிறுவிய ஆஸ்பத்திரியின் மருத்துவர்கள், குருத்துச் செல்லைக் கொண்டு சோதனைச்சாலையில் செய்ததையும், நோயாளிகளிடம் செய்த தொடக்க முயற்சியையும் 2009இல் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். (ரயில்வே தொழிலாளிக்கென்று கட்டிய ஆஸ்பத்திரியில்தான் இந்தியாவின் பைபாஸ் பிறந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு அது பதில்.)

இனிமேல்தான் கதை திரும்புகிறது.

செலுத்திய செல் மெய்யாகவே தசையாக மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆலைத் தோழர்களைக் கேட்கிறேன். ஆயிரம் வெள்ளை நூல் ஓடும் பாவில் உங்கள் நூல் ஒன்று துணிக்குள் போயிற்றா என்று கண்டுபிடிக்க என்ன செய்வீர்கள்? உங்கள் நூலுக்கு மட்டும் சாயம் போட்டு அனுப்புவீர்கள். அமெரிக்காவில் சார்லஸ் மரி, லோரன் ஃபீல்ட் ஆகியோரின் குழுக்கள் அதைத்தான் செய்தன. இருதயத் தசையாக மாறினால் மட்டுமே நீல நிறம் காட்டும்படி பரம்பரையிலேயே குறி வைத்த எலிகளை உண்டாக்கினார்கள். அந்த எலிகளின் மஜ்ஜைச் செல்களை எடுத்து வேறு எலிகளின் இருதயத்தில் செலுத்தினார்கள். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, 145 தடவை. நீலத் தசை வந்ததா? வரவில்லை. இந்த முடிவு 2004இல் வெளியானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழுவும் தனியாகச் சோதித்து அதே சமயத்தில் வெளியிட்டது. இருதயத்துக்குள் போன ரத்தக் குருத்து அங்கேயும் ரத்தச் செல்களாகத்தான் ஆயிற்று என்றது. வாழை வாழையாகவே இருந்தது.

"அப்படியானால் நோயாளிகள் தேறினார்கள் என்றார்களே, அது பொய்யா?" என்று கேட்பீர்கள். எல்லாம் பொய் அல்ல. மாரடைப்பு வந்த இருதயத்தில் செத்த தசை போக, அதிர்ச்சியில் மயங்கிக் கிடக்கும் தசையும் உண்டு. ரத்தம் திரும்ப வந்தால் அது சில வாரங்களில் தானாகவே எழுந்து வேலை செய்யும். அடைப்பை நீக்கியிருப்பார்கள், மருந்து கொடுத்திருப்பார்கள், கூடவே செல்லையும் செலுத்தியிருப்பார்கள். ஆள் தேறினால் எதனால் தேறினார்? உரம் போட்ட வாரத்திலேயே மழையும் பெய்தால் விளைச்சல் உரத்தால் வந்ததா, மழையால் வந்ததா? தெரிய வேண்டுமானால் ஒரே வயலை நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்து, ஒரு பாதிக்கு உரம் போட்டு, மறுபாதிக்குப் போடாமல் பார்க்க வேண்டும். மருத்துவத்திலும் அதே சட்டம்தான்.

அப்படிப் பல சோதனைகள் நடந்தன. அவற்றை 2014இல் லண்டன் விஞ்ஞானிகள் சிலர் கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வரிவரியாகத் தணிக்கை செய்தார்கள். மொத்தம் 49 சோதனைகள். அவற்றின் அறிக்கைகளில் 600க்கு மேற்பட்ட முரண்பாடுகள். ஒரு பக்கத்தில் ஓர் எண்ணிக்கை, அடுத்த பக்கத்தில் வேறு எண்ணிக்கை என்று இப்படி! இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த அறிக்கையில் முரண்பாடு மிக அதிகமோ, அந்த அறிக்கையில்தான் நோயாளிக்குக் கிடைத்த நன்மையும் மிக அதிகம். முரண்பாடே இல்லாத ஐந்து சோதனைகளில் நன்மை பூஜ்யம். ஜெர்மன் டாக்டர் ஸ்ட்ராவரின் கட்டுரைகளிலும் நூற்றுக்கணக்கான முரண்பாடுகள் இருப்பதை இதே குழு அதற்கு முந்திய வருஷம் எடுத்துக் காட்டியிருந்தது. 2018இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி, அன்வெர்ஸாவின் சோதனைச்சாலையிலிருந்து வந்த 31 கட்டுரைகளில் பொய்யான, இட்டுக்கட்டிய விவரங்கள் இருக்கின்றன, அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று பத்திரிகைகளுக்கு எழுதியது. அதற்கு முந்திய வருஷம், அந்தச் சோதனைச்சாலை இருந்த ஆஸ்பத்திரி சர்க்காருக்கு ஒரு கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இதைக் கேட்டுவிட்டு, "விஞ்ஞானமே மோசடி, பாட்டி வைத்தியமே மேல்" என்று யாராவது எழுந்து சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொய்யைப் பிடித்தது யார்? ஜோசியக்காரனா, பூசாரியா? வேறு விஞ்ஞானிகள். அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து, வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னவர்கள். நம் நாட்டிலும் அந்த நேர்மை உண்டு. பக்கவாதத்துக்கு மஜ்ஜைச் செல் பயன்படுமா என்று எய்ம்ஸ் டாக்டர்கள் தலைமையில் 120 நோயாளிகளிடம், வயலை இரண்டாகப் பிரித்த மாதிரி முறையாகச் சோதித்தார்கள். பயனில்லை என்று 2014இல் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

இருதயத்துக்கு இறுதித் தீர்ப்பு வேண்டும் என்று ஐரோப்பாவில் 3,000 பேரைச் சேர்த்து ஒரு பெரிய சோதனைக்குத் திட்டமிட்டார்கள். 375 பேர்தான் சேர்ந்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவில் செல் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே சாவு எண்ணிக்கையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இன்னொரு விஷயத்தையும் கேளுங்கள். சின்சினாட்டி நகரில் மோல்கென்டின் என்ற விஞ்ஞானியின் குழு எலிகளின் இருதயத்தில் உயிருள்ள செல்களைச் செலுத்திப் பார்த்தது. பிறகு செத்த செல்களையும் செலுத்திப் பார்த்தது. இரண்டுக்கும் ஒரே அளவு சிறு நன்மை! ஊசி போட்ட இடத்தில் உடம்பின் காவல் செல்கள் ஓடிவந்து தழும்பைச் சீர் செய்கின்றன, அதனால்தான் அந்த நன்மை என்று 2019இல் எழுதினார்கள். செத்த செல் எந்தத் தசையாக மாற முடியும்? சொல்லுங்கள்.

அப்படியென்றால் இருதயத் தசையை வளர்க்கவே முடியாதா? முடியும், வேறு வழியில். ஜப்பானிய விஞ்ஞானி யாமனாக்கா 2006இல் எலியின் சாதாரணத் தோல் செல்லை, நாலு மரபுக்கூறுகளைப் புகுத்தி, கருவில் இருக்கும் ஆதிக் குருத்தின் நிலைக்குத் திருப்பிக் காட்டினார். அடுத்த வருஷம் மனிதச் செல்லிலும் செய்தார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆதிக் குருத்திலிருந்து துடிக்கிற மெய்யான இருதயத் தசையை வளர்க்க முடிகிறது. 2020 ஜனவரியில் ஒசாகா பல்கலைக்கழக டாக்டர்கள் அப்படி வளர்த்த தசையை ஏடு மாதிரி மெல்லியதாக ஆக்கி ஒரு நோயாளியின் இருதயத்தின் மேல் ஒட்டியதாக அறிவித்தார்கள். 1999இல் மஜ்ஜையில் தொடங்கினாரே ஃபுகுடா, அவரும் பிறகு இந்த வழிக்குத்தான் வந்தார். இதிலும் ஆபத்து உண்டு. ஒட்டிய தசை இருதயத்தின் தாளத்தோடு சேராமல் தனித் தாளம் போட்டால் உயிருக்கே உலை. எனவே ஒவ்வொரு அடியாகச் சோதித்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் காரியம் ஆகட்டும். நம் பேரப் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும். ஆனால் பளபளப்பான காகிதத்தில் வருவது இது அல்ல.

அந்தக் காகிதத்துக்கு வருவோம். நம் நாட்டில் இதற்கு விதி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் என்ன சொல்கின்றன? ரத்த நோய்கள் முதலான குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டுமே மஜ்ஜைக் குருத்துச் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்ற எதற்கானாலும் அது சிகிச்சை அல்ல, சோதனை. சோதனை என்றால் சர்க்கார் அனுமதி வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நோயாளிக்குப் புரிகிற பாஷையில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். முக்கியமாக, சோதனைக்கு உட்படுகிறவரிடம் அதற்காகக் காசு வாங்கக் கூடாது. 2019இல் வந்த மருந்துச் சோதனை விதிகளின்படி சோதனையால் தீங்கு நேர்ந்தால் அவர்களே வைத்தியம் பார்க்க வேண்டும், நஷ்ட ஈடும் தர வேண்டும்.

பார்த்தீர்களா தோழர்களே? மெய்யான சோதனை என்றால் நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. காசு கேட்டால் அது மெய்யான சோதனை அல்ல. அங்கீகரித்த சிகிச்சையும் அல்ல. பிறகு என்ன? வியாபாரம். சாகப் பயப்படுகிற மனிதனின் பயத்தை மூலதனமாகப் போட்டு நடத்தும் வியாபாரம். பணக்காரனையும் இது ஏமாற்றத்தான் செய்கிறது. ஆனால் அவனுக்குப் போவது ஒரு மாதச் செலவு. நமக்குப் போவது பட்டா.

அந்தச் சகோதரியிடம் நாலு கேள்விகள் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். சர்க்கார் அனுமதி எண் என்ன? சோதனையா, சிகிச்சையா, எழுதித் தருவீர்களா? சோதனையானால் ஏன் பணம்? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யார்? வந்த மனிதர் காகிதத்தைப் படித்துவிட்டு, "இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?" என்றாராம். மறுபடி வரவில்லை. பட்டா அந்த அம்மாளின் பெட்டியில் இருக்கிறது. அவருடைய வீட்டுக்காரர் இப்போது சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். உப்பைக் குறைத்திருக்கிறார், பீடியை விட்டிருக்கிறார். மூச்சு இரைப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன், போகாது. ஆனால் பலவீனமான இருதயத்துக்கு ஆயுளைக் கூட்டும் மருந்துகள் உண்டு என்பது வரப்புக் கட்டிய சோதனைகளில் நிரூபிக்கப்பட்ட விஷயம். அவற்றை ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். மூச்சு சரியாகிவிட்டது என்று தாமாக நிறுத்தக் கூடாது.

செத்த தசையை முளைக்க வைக்க முடியாது என்றால் மிஞ்சுவது ஒன்றுதான். தசை சாகும் முன் போய்ச் சேர வேண்டும். குழாய் அடைத்த அரை மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்குகிறது. போகப் போகப் பரவுகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாலும், குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பை விரித்தாலும், முதல் மணி நேரங்களில் செய்வதற்குத்தான் முழுப் பலன். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2012 முதல் 2014 வரை நாலு வட்டாரங்களில், சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்சையும் ஒரே சங்கிலியாக இணைத்துப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6 பேர், இணைத்த பிறகு 14.2 பேர். 2017இல் இது வெளியானது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. புதுச் செல் எதையும் நடவில்லை. ஆளை நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் பிழைத்தார்கள். மஜ்ஜைச் செல்லால் இருபது வருஷத்தில் காட்ட முடியாததை, ஆம்புலன்ஸ் டிரைவரும் நர்ஸும் டெலிபோனும் காட்டிவிட்டார்கள்.

2023 ஜூனில் தமிழ்நாடு சர்க்கார் "இதயம் காப்போம்" என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு உடனே கொடுக்க 14 மாத்திரைகள் வைத்திருக்க வேண்டும். ஆஸ்பிரின் 2, கிளோபிடோக்ரெல் 4, அடார்வாஸ்டாட்டின் 8. இவற்றைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கடையில் வாங்கி நீங்களாக விழுங்கக் கூடாது. வலி எதனால் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நடு நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி வலி, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சுத் திணறல், இவை கண்டால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் வரலாம். 108ஐக் கூப்பிடுங்கள். ஷேர் ஆட்டோவில் தனியாக ஏறிப் போகாதீர்கள். கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரி, இவை எல்லாம் நம் வரிப் பணத்தில் நடக்கும் இடங்கள். அங்கே போக வெட்கப்பட வேண்டியதில்லை.

எனவே ஒவ்வொரு தெருவிலும் இரண்டு தோழர்கள் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை சுகாதார நிலையத்துக்குப் போய் அந்த 14 மாத்திரை இருப்பில் இருக்கிறதா, ஈ.சி.ஜி. மிஷின் ஓடுகிறதா, ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் யார் இருக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டு வாருங்கள். படிப்பகத்துப் பலகையில் எழுதிப் போடுங்கள். இல்லையென்றால் மனு எழுதுவோம். எஸ்டேட்டில் இரவு ஷிப்டு பார்க்கும் தோழர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. நெஞ்சுவலி என்று சொன்ன தொழிலாளியை கேட் பாஸ் இல்லை, சூப்பர்வைசர் கையெழுத்து இல்லை என்று வாசலில் நிறுத்தி வைக்கும் வழக்கம் சில கம்பெனிகளில் இருப்பதாகச் சொன்னீர்கள். எந்த ஷிப்டில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள் என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை நிர்வாகத்தைப் பார்க்கப் போகும்போது அதைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம்.